எட்டு வாரம், இரண்டு முடிவு: திருகோணமலைத் தேர்தல் களத்தில் பத்திரிகையும் இணையமும்

2024 செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தல். நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தல். இடையில் முழுதாக எட்டு வாரம்கூட இல்லை. அதற்குள் திருகோணமலை மாவட்டம் இரண்டு விதமாக வாக்களித்தது. செப்டம்பரில் தொலைபேசிச் சின்னத்தில் நின்ற சஜித் பிரேமதாச மாவட்டத்தை வென்றார். நவம்பரில் தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிச் சின்னம் முதலிடத்துக்கு வந்து, இருக்கிற நான்கு ஆசனங்களில் இரண்டை எடுத்தது. மிச்சத்தில் ஒன்று சஜித்தின் ஐக்கிய மக்கள் சக்திக்கு, ஒன்று தமிழரசுக் கட்சிக்கு.

திசைகாட்டியின் எழுச்சியைச் "சமூக ஊடகம் கொண்டுவந்த வெற்றி" என்று எழுதியவர்கள் அதிகம். எனக்கு அது சரியாகப் படவில்லை. செப்டம்பரில் கையில் இருந்த அதே போன்தான் நவம்பரிலும் இருந்தது. அதே முகநூல், அதே டிக்டொக், அதே பத்திரிகை, அதே வானொலி. ஊடகம் மாறாமல் முடிவு மட்டும் மாறினால், காரணத்தை ஊடகத்தில் மட்டும் தேடுவது பிழையான இடத்தில் தோண்டுகிற வேலை. அப்படியென்றால் இணையத்துக்குத் தேர்தலில் பங்கே இல்லையா? இருக்கிறது, பலமாகவே இருக்கிறது. ஆனால் அது வாக்காளரை ஆட்டுவதைவிடக் கட்சிக்காரரைத்தான் அதிகம் ஆட்டுகிறது. இந்த ஆய்வு அதைப் பற்றியது.

"வலைப்பதிவு" என்று நான் சொல்வது ஆசிரியர் பீடம் எதுவும் இல்லாமல் ஒரு தனி ஆள் பொதுவில் எழுதுவதை. இருபது வருடத்துக்கு முன்னால் அது வலைப்பூவாக இருந்தது. பாமினி எழுத்துருவில் இருந்து யுனிகோட்டுக்கு மாறி, பல வலைப்பூக்களை ஒரே இடத்தில் காட்டும் தமிழ்மணம் போன்ற திரட்டிகளில் வரிசையில் நின்ற காலம் அது. இன்றைக்கு அதே வேலையை முகநூல் பதிவும் யூடியூப் சானலும் செய்கின்றன. வடிவம் மாறியது, தொழில் மாறவில்லை.

ஏன் இந்த ஊர்

திருகோணமலை, மூதூர், சேருவில என்று மூன்று தேர்தல் தொகுதிகள். 2012 குடிசன மதிப்பீட்டின்படி மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஐந்தில் இரண்டு பங்கு அளவில், தமிழர் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு, சிங்களவர் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூட. அதாவது பத்துப் பேரில் ஏழு பேர் தமிழ் பேசுகிறவர்கள். ஆனால் அந்த ஏழு பேரும் ஒரே கட்சிக்குப் போடுவதில்லை, ஒரே பத்திரிகையைப் படிப்பதுமில்லை. கிண்ணியாவில் ஒரு தேர்தல் கதை ஓடும், உப்புவெளியில் இன்னொன்று, கந்தளாயில் மூன்றாவது. ஊடகத்தின் செல்வாக்கை அளந்து பார்க்க நாட்டில் இதைவிட நல்ல களம் கிடையாது. யாழ்ப்பாணத்தில் ஒரு பத்திரிகையின் தலைப்பு முழு மாவட்டத்தையும் எட்டிவிடும். இங்கே எந்தத் தலைப்புக்கும் அந்தப் பாக்கியம் இல்லை.

இன்னொன்றும் உண்டு. இந்த மாவட்டத்துக்கென்று தினசரி எதுவும் வேரூன்றவில்லை. வீரகேசரி, தினக்குரல், தினகரன் எல்லாம் கொழும்பில் அச்சாகி, இரவோடு இரவாக 250 கிலோமீட்டர் தாண்டி வருபவை. உள்ளூர்ச் செய்தி உட்பக்கத்தில் ஒரு மூலையில் இருக்கும். பலர் பத்திரிகை வாங்கியது மரண அறிவித்தல் பார்க்க. அதுவும் இப்போது முகநூலுக்குப் போய்விட்டது, அது வேறு கதை.

வெளிநாட்டுச் சாட்சிகள் இரண்டு

அமெரிக்காவில் வலைப்பதிவை வைத்து முதலில் பெரிதாகப் பிரசாரம் செய்தவர், 2004 ஜனாதிபதி வேட்பாளராக முயன்ற ஹவர்ட் டீன். 2003இல் அவரது பிரசாரக் குழுவே ஒரு வலைப்பதிவு தொடங்கி, சின்னச் சின்ன நன்கொடைகளைக் கோடிக்கணக்கில் திரட்டியது. ஜனநாயகக் கட்சியில் அவர்தான் முன்னணி என்று எல்லோரும் எழுதினார்கள். 2004 ஜனவரி 19 அன்று ஐயோவா மாநில உட்கட்சி வாக்கெடுப்பில் மூன்றாம் இடம். அன்றிரவு ஆதரவாளர்கள் முன்னால் அவர் போட்ட கூச்சலைத் தொலைக்காட்சிகள் திரும்பத் திரும்ப ஒளிபரப்ப, மிச்சமும் போயிற்று. பணமும் தொண்டரும் இணையத்தில் சேர்ந்தார்கள், வாக்குச் சேரவில்லை.

மலேசியா இதற்கு எதிர்ச் சாட்சி. அங்கே பெரிய பத்திரிகைகள் ஆளும் கூட்டணிக் கட்சிகளின் கைக்குள் இருந்தன. 2007 நவம்பரில் மலேசிய இந்தியரின் உரிமை கேட்ட ஹிண்ட்ராப் அமைப்பு கோலாலம்பூரில் நடத்திய பேரணிக்குப் பிறகு நிலைமை இன்னும் சூடானது. 2008 மார்ச் 8 பொதுத் தேர்தலில் அந்த ஆளும் கூட்டணியான பாரிசான் நேஷனல் 222 இடங்களில் 140ஐ மட்டும் பிடித்து, மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இழந்தது. வலைப்பதிவர் ஜெஃப் ஊய் பினாங்கின் ஜெலுத்தோங் தொகுதியில் வென்று பாராளுமன்றம் போனார். இணையப் போரில் தோற்றுவிட்டோம் என்று பிரதமர் அப்துல்லா படாவி தானாகவே ஒப்புக்கொண்டார்.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரு வித்தியாசம் தெரிகிறது. அமெரிக்காவில் பத்திரிகைக்கும் தொலைக்காட்சிக்கும் வாய் திறந்திருந்தது, வலைப்பதிவு ஒரு கூடுதல் குரல் மட்டும். மலேசியாவில் பத்திரிகையின் வாயைக் கட்டியிருந்தார்கள், வலைப்பதிவுதான் குரல். திருகோணமலை இந்த இரண்டு நிலையையும் மாறி மாறிப் பார்த்த ஊர்.

வாய் கட்டப்பட்ட காலம்

2006 ஜனவரி 2 மாலை, கடற்கரையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த கைக்குண்டு வெடித்ததால்தான் இறந்தார்கள் என்றது அதிகாரபூர்வக் கதை. சுடர் ஒளி பத்திரிகையின் திருகோணமலைச் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் உடல்களைப் படம் எடுத்தார். படங்களில் துப்பாக்கிக் காயம் தெளிவாக இருந்தது. பத்திரிகை அவற்றை வெளியிட்டது. அதே மாதம் 24ஆம் திகதி காலை அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மாணவர் வழக்கில் கைதான 13 விசேட அதிரடிப்படையினரும் 2019 ஜூலையில், சாட்சியம் போதாது என்று விடுதலையானார்கள்.

ஊடக ஆய்வில் இதை ஏன் கொண்டுவருகிறேன்? அரசு சொல்லும் கதையைப் படத்தால் உடைப்பது "மக்கள் ஊடகவியலின்" வேலை என்று பிற்பாடு புகழப்பட்டது. இங்கே அதைச் செய்தது அச்சுப் பத்திரிகை, சம்பளத்துக்கு வேலை செய்த ஒரு நிருபர். அதற்குப் பிறகு இந்த மாவட்டத்தில் இருந்து பெயர் போட்டு எழுதுவதென்றால் என்ன விலை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. எழுத்து வெளியூருக்கும் புனைபெயருக்கும் நகர்ந்தது. 1997இல் தொடங்கிய தமிழ்நெட் இணையத்தளம்தான் கிழக்கின் அன்றாடச் செய்தியை வெளியே கொண்டுபோனது. அதன் ஆசிரியர்களில் முக்கியமானவரான தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரலில் கடத்திக் கொல்லப்பட்டிருந்தார். 2007 ஜூனில் தமிழ்நெட் இலங்கைக்குள் முடக்கப்பட்டது. 2011இல் வேறு பல செய்தித் தளங்களும் முடங்க, செய்தித் தளம் நடத்துகிறவர்கள் அரசில் பதிவு செய்ய வேண்டும் என்றும் அறிவிப்பு வந்தது.

முடக்கம் வேலை செய்ததா என்றால், 2015 ஜனவரி 8 ஜனாதிபதித் தேர்தலைப் பார்க்க வேண்டும். அரச தொலைக்காட்சிகளான ரூபவாஹினியும் ஐ.டி.என்னும் அன்றைய ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷவுக்கு இரவு பகலாக உழைத்தன. விமர்சனத் தளங்கள் பலவும் தடையில். திருகோணமலை மாவட்டத்தில் பத்தில் ஏழு வாக்கு எதிரணி வேட்பாளர் மைத்திரிபால சிறிசேனவுக்கு விழுந்தது. ஒரு கட்டுரைகூடப் படிக்காதவர்களும் அப்படித்தான் போட்டார்கள். தொலைக்காட்சி நேரத்தை முழுதாக வைத்திருப்பது வாக்கை வைத்திருப்பது ஆகாது என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை. அதே சமயம், இணையம் ஆட்சியை மாற்றியது என்பவர்களுக்கும் அந்த முடிவு உதவாது. இந்த மாவட்டத்துக் கிராமங்களில் அப்போது அத்தனை பேர் கையில் ஸ்மார்ட்போன் இல்லை.

மொழிச் சுவர்

இணையம் உண்மையாகவே எதை மாற்றியது என்றால், என் கணக்கில் இதுதான் முதல் விஷயம்.

அரசின் கையில் உள்ள லேக் ஹவுஸ் நிறுவனம் சிங்களத்தில் தினமினவும் தமிழில் தினகரனும் வெளியிடுகிறது. ஒரே குழுமத்தின் சிரசவும் சக்தியும், இன்னொரு குழுமத்தின் ஹிருவும் சூரியனும் இரண்டு மொழியில் பேசுகின்றன. முதலாளி ஒருவர், தலைப்புச் செய்தி இரண்டு. அரசியல்வாதிக்கு இது வசதியான ஏற்பாடாக இருந்தது. கந்தளாயில் சிங்களத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டு, பின்னேரம் மூதூரில் வேறொன்றைச் சொல்லலாம். முதல் கூட்டத்தில் இருந்த நிருபர் இரண்டாவதுக்கு வரமாட்டார், வந்தாலும் அவரது பத்திரிகைக்கு அந்த முரண்பாடு செய்தி இல்லை.

2005 மே மாதம் ஒரே இரவில் நகர மத்தியில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் புத்தர் சிலை ஒன்று வைக்கப்பட்டது. கடையடைப்பு, பதற்றம், ஊரடங்கு. தமிழ்ப் பத்திரிகை வாசகருக்கும் சிங்களப் பத்திரிகை வாசகருக்கும் அது இரண்டு ஊர்களில் நடந்த இரண்டு சம்பவம் போலத்தான் போய்ச் சேர்ந்தது. அதே வருடம் நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல். அந்தப் பிரசாரத்தில் எந்த வேட்பாளருக்கும் இரு பக்கத்துக்கும் ஒரே பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் வரவில்லை.

இருபது வருடம் கழித்து, 2025 நவம்பர் 16 அன்று கடற்கரையோர விகாரை நிலத்தில் மறுபடி ஒரு சிலை. இரவில் பொலிஸார் அகற்றினார்கள், மறுநாள் அதே இடத்தில் திரும்ப வைக்கப்பட்டது. இந்தத் தடவை யாரும் பத்திரிகைக்காகக் காத்திருக்கவில்லை. அகற்றும் போதே காணொளி ஓடிக்கொண்டிருந்தது. அந்த மறுநாளே பொதுமக்கள் பாதுகாப்பு அமைச்சர் பாராளுமன்றத்தில் சிங்களத்தில் சொன்ன விளக்கம், சுடச்சுடத் தமிழில் எழுதப்பட்டு வட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. திசைகாட்டிக்கு வாக்களித்த தமிழர்களும் சிங்களவர்களும் ஒரே பதிலை ஒரே நாளில் படித்தார்கள், இரண்டு பக்கமும் அதிருப்திப்பட்டது. தேர்தல் காலம் இல்லைதான். ஆனால் அடுத்த தேர்தலில் கேட்கப்போகும் கேள்வி அங்கே எழுதப்பட்டுவிட்டது.

இந்த மொழிபெயர்ப்பு வேலையைச் செய்பவர்கள் பெரும்பாலும் சம்பளமில்லாத ஆட்கள். இரண்டு மொழியும் தெரிந்த ஆசிரியர், அரச ஊழியர், பல்கலைக்கழக மாணவர் இப்படி. ஒரு பத்திரிகை நிறுவனம் நினைத்திருந்தால் எப்போதோ செய்திருக்கலாம். நினைக்கவில்லை.

செப்டம்பரும் நவம்பரும்

இனி 2024க்கு வருவோம். ஜூன் 30 அன்று தமிழரசுக் கட்சியின் மூத்த தலைவர் இரா. சம்பந்தன் காலமானார். 1977இல் முதல் தடவை இந்த மாவட்டத்தில் இருந்து பாராளுமன்றம் போனவர். அவருடையது பத்திரிகைக் காலத்து அரசியல்: நீண்ட உரை, அதை முழுதாகப் போடும் பத்திரிகை, பொறுமையாகப் படிக்கும் வாசகர். அவர் போன பிறகு வந்த முதல் தேர்தல் இது.

தமிழ்ப் பொது வேட்பாளராக பா. அரியநேத்திரன் சங்குச் சின்னத்தில் நின்றார். அவருக்கான ஆதரவு இணையத்தில் ஓங்கி ஒலித்தது. புலம்பெயர் தளங்கள், யூடியூப் நேர்காணல்கள், நீளமான முகநூல் கட்டுரைகள். தமிழ்ப் பத்திரிகைகளிலும் இடம் கிடைத்தது. தமிழரசுக் கட்சி செப்டம்பர் 1 அன்று வவுனியாவில் கூடி சஜித்தை ஆதரிப்பதாக அறிவித்தபோது, இணையத்தில் வந்த திட்டுக்கு அளவில்லை. தேநீர்க் கடையில் "என்ன தம்பி, சங்கா டெலிபோனா?" என்பதுதான் அந்த மாதத்துக் குசலம்.

முடிவு: நாடு முழுதும் அரியநேத்திரனுக்கு 2,26,343 வாக்கு. அதில் பாதிக்கு மேல் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் இருந்து வந்தது. திருகோணமலையில் அவரது பங்கு பத்து வீதத்தை எட்டவில்லை. இணையத்தில் சத்தம் எல்லா ஊருக்கும் ஒரே அளவில்தான் கேட்டது. ஆனால் மூன்று சமூகம் சேர்ந்து வாழும் இடத்தில் தமிழ் வாக்காளர் வேறு கணக்குப் போடுகிறார். வெல்லக்கூடிய ஆள் யார், தோற்றால் எங்களுக்கு என்ன என்பது அந்தக் கணக்கு. அந்தக் கணக்கைப் பதிவு எழுதியவர்களில் பலர் கவனிக்கவில்லை, ஏனென்றால் பலர் இந்த மாவட்டத்தில் வாக்கு உள்ளவர்களே இல்லை.

நவம்பரில் என்ன நடந்தது? திசைகாட்டியின் தலைவர் அநுர குமார திசாநாயக்க ஏற்கெனவே ஜனாதிபதி. வென்ற பக்கத்தோடு நின்றால் மாவட்டத்துக்கு ஏதாவது வரும் என்ற எண்ணம் எல்லா சமூகத்திலும் இருந்தது. திசைகாட்டியின் வாக்கு வீதம் செப்டம்பரைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கானது. அவர்களது டிக்டொக் துண்டுகள் திறமானவைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் துண்டுகள் செப்டம்பரிலும் இருந்தன. ஊர் ஊராகப் பத்து இருபது பேரை வைத்து வீட்டு முற்றத்தில் நடத்திய சின்னக் கூட்டங்களை ஆய்வாளர்கள் எண்ணுவதில்லை. அவை ஆன்லைனில் தெரிவதில்லை, அதனால்.

இணையத்தின் வேலை தெரிந்த இடம் வேறு. யாழ்ப்பாணத்தில் எதிரெதிராக நின்ற தமிழரசுக் கட்சியும், சங்குச் சின்னத்தை எடுத்துக்கொண்ட ஜனநாயக தமிழ்த் தேசியக் கூட்டணியும் திருகோணமலையில் தமிழரசின் வீட்டுச் சின்னத்தில் ஒரே பட்டியலில் நின்றன. தமிழ் வாக்கு இரண்டாகப் பிரிந்தால் இருக்கும் ஒரு ஆசனமும் போகும் என்ற பயம் வாரக்கணக்கில் எழுதப்பட்டது, பேசப்பட்டது. மதத் தலைவர்கள், பொது அமைப்புகள், பத்திரிகை, முகநூல் எல்லாம் ஒரே திசையில் தள்ளின. ஆசனம் தப்பியது, சண்முகம் குகதாசன் தெரிவானார். இங்கே பதிவுகள் வாக்காளரின் மனதை மாற்றவில்லை, அவர்கள் ஏற்கெனவே அப்படித்தான் நினைத்தார்கள். இரண்டு கட்சி அலுவலகங்களின் மனதை மாற்ற உதவின.

விருப்பு வாக்கு என்ற உள்வீட்டுச் சண்டை

நான்கு ஆசன மாவட்டத்தில் ஒரு கட்சி ஏழு பேரை நிறுத்த வேண்டும். வாக்காளர் கட்சிக்குப் புள்ளடி போட்டு, அந்தப் பட்டியலில் மூன்று பேர் வரை விருப்பு வாக்குக் கொடுக்கலாம். ஆக, ஒரு வேட்பாளரின் நேரடி எதிரி சொந்தப் பட்டியலில் இருக்கும் மற்ற ஆறு பேர். பத்திரிகை கட்சியைப் பற்றித்தான் எழுதும். விளம்பரம் போட வேட்பாளருக்குக் காசு வேண்டும். சுவரொட்டி ஒட்டத் தேர்தல் சட்டம் விடாது. முகநூல் பக்கம் மட்டும் ஆளின் பெயரில், ஆளின் இலக்கத்தோடு இயங்குகிறது. கட்சிகளுக்கு இடையிலான போட்டியைவிடக் கட்சிக்குள் யார் மேலே வருவது என்பதில் இணையத்துக்குச் செல்வாக்கு அதிகம் என்பது என் முடிவு. இளம் வேட்பாளர்கள், பெண்கள், பரம்பரை அரசியல் பின்புலம் இல்லாதவர்கள் அதனால் கொஞ்சம் பயனடைகிறார்கள். கட்சி மூத்தவர்கள் இணையத்தைப் பற்றி அடிக்கடி எரிச்சல்படுவதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

பொய் யாருடைய சட்டையைப் போடுகிறது

செப்டம்பர் 18 நள்ளிரவோடு 2024 ஜனாதிபதித் தேர்தல் பிரசாரம் முடிந்தது. பத்திரிகையும் வானொலியும் கட்டுப்பட்டன, தேர்தல்கள் ஆணைக்குழுவின் ஊடக வழிகாட்டல் அவற்றுக்குத் தலைக்கு மேல் நிற்கிறது. பிரசாரம் செய்யக்கூடாத அந்த மௌன காலம் வட்ஸ்அப் குரல் பதிவுக்குக் கிடையாது. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவுச் சட்டத்தின் கீழ் ஜனாதிபதி வேட்பாளருக்கு வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபா என்று உச்சவரம்பு வைத்தார்கள். பத்திரிகை விளம்பரத்தை எண்ணலாம். "எங்கள் ஊர் நண்பர்கள்" என்ற பெயரில் இயங்கும் பக்கத்துக்கு யார் காசு கட்டினார் என்று எப்படி எண்ணுவது?

ஆனால் பொய்ச் செய்தி இணையத்தோடு பிறந்ததல்ல. 2013 செப்டம்பர் 21, வட மாகாண சபைத் தேர்தல் நாள் காலை, யாழ்ப்பாணத்தில் உதயன் பத்திரிகையின் பெயரில் ஒரு போலிப் பிரதி விநியோகமானது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் வேட்பாளர் அனந்தி சசிதரன் அரசு பக்கம் சேர்ந்துவிட்டார் என்று அதில் செய்தி. மக்கள் ஏமாறவில்லை, அவர் பெரும் விருப்பு வாக்கோடு வென்றார். இப்போது அதே வித்தை வேறு உருவில் வருகிறது: பிரபல பத்திரிகையின் அல்லது வானொலியின் இலச்சினையைப் போட்ட செய்தி அட்டை, வாக்களிப்புக்கு முந்தின இரவு. கவனித்துப் பாருங்கள், பொய் சொல்ல நினைப்பவர் எந்த வலைப்பதிவரின் பெயரையும் திருடுவதில்லை. பழைய பத்திரிகையின் பெயரைத்தான் திருடுகிறார். பத்திரிகை வாங்குவது குறைந்தாலும் அதை நம்புவது குறையவில்லை என்பதை அந்தத் திருடர் நம் ஆய்வாளர்களைவிடச் சரியாக அளந்திருக்கிறார்.

வட்டாரத்துக்கு இறங்கியபோது

2025 மே 6 உள்ளூராட்சித் தேர்தல். நவம்பரில் நாடளாவ 61 வீதத்துக்கு மேல் எடுத்த தேசிய மக்கள் சக்தி, ஆறு மாதத்தில் 43 வீதத்துக்கு இறங்கியது. அவர்களது இணையப் படை சுருங்கவில்லை, ஆட்சியும் கையில் இருந்தது. மாறியது தேர்தலின் அளவு. வட்டாரம் என்பது சில தெருக்கள். வேட்பாளர் யாருடைய மகன், கோயில் நிர்வாகத்தில் எப்படி நடந்தார், மழை வெள்ளத்தில் வந்து நின்றாரா என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே முகநூல் பிரசாரத்துக்குச் சொல்ல அதிகம் இல்லை.

அந்தத் தேர்தலில் வேட்பாளர்கள் சிலர் போனை வேறு வேலைக்குப் பயன்படுத்தினார்கள்: உடைந்த வடிகான், எரியாத தெருவிளக்கு, அள்ளாத குப்பை என்று படம் எடுத்துத் திகதியோடு போட்டார்கள். அதைப் பகிர்ந்தவர்கள் அந்தந்தத் தெருக்காரர்கள் மட்டும்தான். கொழும்புப் பத்திரிகைக்கு அது செய்தியே இல்லை. ஆனால் சபை தெரிவான பிறகு கூட்டங்களில் உறுப்பினர்களிடம் நீட்டப்படுவது அந்தப் படங்கள்தான்.